கணக்கில் வராத பதின்மூன்றரை அடி

துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில், ஐஸ் கிடங்குக்கும் டீசல் பங்குக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் கடை அவளுடையது. உள்ளே கனத்த துணி தைக்கும் இரண்டு மெஷின்கள், சுவர் நீளத்துக்கு ஒரு மேஜை, ஆணிகளில் தொங்கும் நைலான் பட்டைகள். படகுக் கூரை, இருக்கை உறை, மூடுதுணி என்று எது வந்தாலும் தைப்பாள். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சுறாக் கச்சைதான். பெரிய சுறாவைத் தூண்டிலில் பிடித்து விளையாட வருகிறவர்கள் இடுப்பைச் சுற்றிப் பின்பக்கமாகக் கட்டிக்கொள்ளும் அகலமான பட்டை அது. இரண்டு பக்கமும் கொக்கி இருக்கும். கொக்கிகளைத் தூண்டில் நரம்பு சுற்றிய ரீலில் மாட்டிவிட்டால் மீனின் இழுப்பைக் கை தாங்க வேண்டியதில்லை. இடுப்பும் தொடையும் தாங்கிக்கொள்ளும். துறைமுகமே அவளைக் கச்சைக்காரம்மா என்றுதான் கூப்பிட்டது.

எந்தக் கச்சையையும் அவள் தைத்த கையோடு கொடுத்துவிட மாட்டாள். தானே இடுப்பில் கட்டி, கடைக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தூணில் கொக்கிகளை மாட்டி, இரண்டு பாதங்களையும் தூணின் அடிக்கட்டையில் ஊன்றி, மல்லாந்து சாய்ந்து தொங்குவாள். முழுசாகப் பத்து நிமிஷம். தையல் விட்டால் பிடரியில் அடிபடப் போவது அவள்தான். "வாங்கினவங்க கடல்ல விழறதுக்கு நான் இங்க விழுந்து தொலைக்கறேன்" என்பாள். இதுவரை ஒரு தடவைகூட விழுந்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை நூறு தடவை அந்தத் தூணோடு மல்லுக்கட்டியிருப்பாள் என்று அவளிடமே கணக்கு இல்லை.

அவள் கணவர் படகோட்டி. வெளியூரிலிருந்து வருகிறவர்களைச் சுறா பிடிக்கக் கூட்டிப் போவதுதான் தொழில். கரையில் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற மனுஷர், ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். அவரோடு வேலை செய்கிறவன் அவளுடைய தம்பி. முப்பத்தெட்டு வயசு. மீன் படகோரம் வந்ததும் நரம்பின் முனையிலிருக்கும் எஃகுக் கம்பியைக் கையால் எட்டிப் பிடிக்கிற வேலை அவனுடையது. தைரியம் வேண்டிய வேலை. அவனிடம் தைரியம் இருந்தது, அதைவிட அதிகமாகப் பேச்சு இருந்தது. வாய் ஓயாது ஒலிப்பதால் எஃப்எம் என்று பட்டப்பேர்.

அந்தத் துறைமுகத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை மீன்பிடி சங்கம் சுறாப் போட்டி நடத்தும். சுறாவைக் கொல்லக் கூடாது. படகோரம் கொண்டுவந்து, நீளம் அளந்து, படம் எடுத்து, முதுகுத் துடுப்பின் அடியில் எண் போட்ட சின்னப் பட்டையைக் குத்தி, தூண்டில் முள்ளை வெட்டி விட்டுவிட வேண்டும். எது நீளமோ அதற்குக் கோப்பை. பிடித்தவர் பேர் சங்கத்துச் சுவரில் ஏறும். இன்னொரு விதியும் உண்டு. மீன் கடித்த நொடியிலிருந்து கம்பி கைக்கு வரும் வரைக்கும் தூண்டில் கோலையும் ரீலையும் நரம்பையும் ஒரே ஆள்தான் தொடலாம். இன்னொருவர் விரல் பட்டாலும் அந்த மீன் கணக்கில் சேராது.

அவர்கள் படகில் வருஷா வருஷம் போட்டிக்கு வருகிறவர் ஒரு டாக்டர். இந்த வருஷமும் பேர் கொடுத்திருந்தார். பிரிந்துபோயிருந்த அவருடைய கச்சையைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு அவள் காலையில் படகுத்துறைக்குப் போனபோது, கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு முகம் செத்து நின்றார்.

"டாக்டர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம். மணிக்கட்டுல கட்டு போட்டிருக்காம்."

"டாக்டருக்கே கட்டா? யாரு போட்டுவிட்டது?" என்றான் எஃப்எம்.

"இப்ப அதுவா முக்கியம்? பேரை வாபஸ் வாங்கிட வேண்டியதுதான்."

"ஆளை மாத்திக்கலாமே?" என்றாள் அவள்.

"கிளம்பற வரைக்கும் மாத்தலாம். யாரைப் போடறது? நான் ஸ்டியரிங்கை விட்டு வர முடியாது. இவன் கம்பி பிடிக்கணும்."

"நான் உட்கார்றேன்."

எஃப்எம் கூட ஒரு நொடி ஒலிபரப்பை நிறுத்தினான்.

கணவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "அது உன் தூணு இல்லைம்மா. திருப்பி இழுக்கும்."

"இழுக்கட்டும். இருபத்திரண்டு வருஷமா இழுக்காத ஒண்ணோட மல்லுக்கட்டி எனக்கும் அலுத்துப்போச்சு."

அவர் காதைச் சொறிந்துகொண்டார். அப்புறம் சங்கத்து மேஜைக்குப் போய், டாக்டர் பேரை அடித்துவிட்டு மனைவி பேரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மேஜையில் இருந்தவர் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டதும், இவர் தோளைக் குலுக்கியதும் அவளுக்குத் தெரிந்தது. என்ன கேட்டிருப்பார் என்பதும் தெரிந்தது.

படகு ஒன்றரை மணி நேரம் ஓடியது. அந்த நேரத்தில் அவள் ஊசியும் நூலும் எடுத்துக் கச்சையைப் பிரித்துத் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்தாள். டாக்டர் இடுப்பில் அவளைப் போல ஒன்றரை ஆள் அடங்கும். அலை தூக்கிப் போட்ட ஒவ்வொரு தடவையும் ஊசியை நிறுத்தி, படகு இறங்கியதும் அடுத்த தையலைப் போட்டாள். எஃப்எம் அவளைப் பார்த்துக்கொண்டே பின்தளத்தின் நடுவில் பொருத்தியிருந்த நாற்காலியைத் துணியால் துடைத்தான். சுறாவோடு போராடுகிறவர் உட்கார்வது அதில்தான். கோலின் அடியைச் செருக முன்னால் ஒரு குழி, பாதங்களை ஊன்ற ஒரு பலகை.

"வாங்க மகாராணி. சிம்மாசனம் தயார்."

"மகாராணிக்கு முதல்ல ஒரு டீ ஊத்து."

கரையின் பசுமை போய்த் தண்ணீர் கருநீலமாக மாறும் இடத்தில் கணவர் எஞ்சினை நிறுத்தினார். தண்ணீரில் கை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அரைத்த மீனையும் எண்ணெயையும் கலந்து வைத்திருந்த வாளியிலிருந்து எஃப்எம் கரண்டி கரண்டியாகக் கடலில் ஊற்றினான். வழவழப்பான ஒரு பாதை படகிலிருந்து நீண்டுகொண்டே போனது. வாசனை பிடித்து அந்தப் பாதையிலேயே சுறா வரும். முள்ளில் கோத்த பெரிய மீன்துண்டு ஒரு சிவப்புப் பலூனுக்கு அடியில் தொங்கியது.

இரண்டு மணி நேரம் பலூன் ஆடிக்கொண்டே இருந்தது. எஃப்எம் தன் பள்ளிக்கூடத்துக் கதைகளை எல்லாம் சொல்லி முடித்து, மாமாவின் பள்ளிக்கூடத்துக் கதைகளை அவருக்கே சொல்ல ஆரம்பித்திருந்தான். அப்போது பலூனைக் காணவில்லை.

ரீல் கர்ரென்று கத்தியது.

"பொறு, கையை வைக்காதே," என்றார் கணவர். ஸ்டியரிங் முன்னால் நின்ற அந்த வேறு ஆளின் குரல் அது. "முழுங்கட்டும். பொறு... பொறு... இப்ப பிரேக்கைத் தள்ளு!"

அவள் ரீலின் பிரேக்கைத் தள்ளினாள். கோல் வில்லாக வளைந்தது. கச்சை அவள் இடுப்பைக் கவ்வி முன்னால் இழுத்தது. பாதங்களைப் பலகையில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள். எந்த மடிப்பில் எத்தனை வரிசைத் தையல் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றும் இறுகி நிற்பதை முதுகுத் தோலால் எண்ணினாள். ஒன்றும் விடவில்லை. ரீலிலிருந்து நரம்பு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"பெரிசு," என்றார் கணவர் மெதுவாக. "ரொம்பப் பெரிசு."

தூணுக்கும் சுறாவுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் ஒரு மணி நேரத்தில் அவள் கற்றுக்கொண்டாள். தூண் ஒரே மாதிரி நிற்கும். இது ஓடும், நிற்கும், யோசிக்கும், திரும்ப ஓடும். அது நிற்கும்போது காலால் உதைத்துச் சாய்ந்து கோலைத் தூக்க வேண்டும். முன்னால் குனியும்போது கிடைக்கிற தளர்வை மளமளவென்று ரீலில் சுற்றிவிட வேண்டும். ஒரு முழம் சேர்த்தால் அது இரண்டு முழம் பிடுங்கிக்கொண்டு போனது. கையால் இழுக்கிறவர்கள் அரை மணியில் துவண்டுவிடுவார்கள். அவள் கையை நம்பவே இல்லை. தொடையால் இழுத்தாள், முதுகால் இழுத்தாள். படகை முன்னே பின்னே நகர்த்திக் கணவர் நரம்பை நேராக வைத்துக்கொண்டார். எஃப்எம் நாற்காலியின் முதுகைப் பிடித்து மீன் போகும் திசைக்குத் திருப்பினான். நாற்காலியைத் தொடலாம், அதற்குத் தடையில்லை.

இரண்டாவது மணி நேரத்தில்தான் அது நடந்தது. வாளியிலிருந்து சிந்திய மீன் எண்ணெய் கசிந்து கசிந்து பாதப் பலகைக்கு வந்திருந்தது. சுறா திடீரென்று படகுக்கு நேர் கீழே முங்கியது. அதே நொடியில் அவளுடைய இடது கால் வழுக்கியது. நாற்காலியிலிருந்து உடம்பு கிளம்பி, முழங்கால் தரையில் மோதி, வயிறு படகு விளிம்பில் இடித்தது. ரீலோடு கொக்கியால் பிணைந்திருந்தாள். ரீல் போனால் அவளும் போக வேண்டியதுதான். கீழே தண்ணீர் அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது.

பின்னாலிருந்து ஒரு கை கச்சையைப் பற்றியது. இன்னொரு கை ரீலுக்கு மேலே கோலைப் பற்றியது. இரண்டும் சேர்ந்து ஒரே இழுப்பில் அவளை நாற்காலியில் கொண்டுவந்து போட்டன. ஸ்டியரிங்கை விட்டுப் பாய்ந்து வந்திருந்த கணவர் நெருப்பைத் தொட்டவர் போலக் கோலிலிருந்து கையை எடுத்தார். எல்லாம் இரண்டு நொடிதான்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல." முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. "ராடைத் தொட்டீங்களா?"

அவர் தன் கையையே பார்த்தார்.

"தொட்டீங்களான்னு கேட்டேன்."

"தொட்டுட்டேன்."

எஃப்எம் அவசர அவசரமாகக் குறுக்கே வந்தான். "நான் ஒண்ணும் பார்க்கலைப்பா. என் கண்ணுல வெயில். அக்கா, அஞ்சு மைலுக்கு ஒரு படகு இல்லை. மேலே ஒரு பறவைகூட இல்லை."

"நான் இருந்தேன்ல? நான் பார்த்தேன்ல?"

"சரி, முதல்ல மீன் வரட்டும். வந்ததும் பேசிக்கலாம்."

"வந்து நீளத்தைப் பார்த்துட்டா அப்புறம் எனக்கு வாய் வராது. உனக்கும் வராது. இப்பவே சொல்லிடணும். ஒயர்லெஸ்ஸை எடு."

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா தலையை ஆட்டினார். எஃப்எம் மைக்கை இழுத்துக்கொண்டு வந்து அவள் வாயருகே பிடித்தான். கடலில் இருந்த எல்லாப் படகும் கேட்கும் அலைவரிசை அது. கோலைத் தூக்கும் மூச்சோடு அவள் பேசினாள்.

"பதினேழாம் நம்பர் படகு. எங்களுக்கு ஒரு மீன் மாட்டியிருக்கு. நான் கால் வழுக்கிக் கடல்ல விழப் பார்த்தேன். படகோட்டி பிடிச்சு இழுத்தார். அப்ப அவர் கை ராடு மேல பட்டுடுச்சு. இந்த மீனை எங்க கணக்குல சேர்த்துடாதீங்க."

கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே சங்கத்துக்காரர் குரல் வந்தது. "கேட்டுச்சு, பதினேழு. உங்களுக்கு அடி ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"நரம்பை வெட்டி விட்டுடறீங்களா?"

"வெட்டறதா? இப்பதான் ரெண்டு பேரும் பழக ஆரம்பிச்சிருக்கோம்."

எஃப்எம் மைக்கைக் கொண்டுபோய் மாட்டினான். கணவர் ஸ்டியரிங் பக்கம் திரும்பி நின்றபடி, "என்னை மன்னிச்சுக்கோ" என்றார்.

"எதுக்கு? நீங்க பிடிக்கலைன்னா நான் இந்நேரம் மீனுக்குப் பக்கத்துல இருப்பேன். அங்க யாரு கோப்பை தர்றாங்க?"

அவர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்தாரா, வியர்வையைத் துடைத்தாரா என்று தெரியவில்லை. "அதான் கணக்குல இல்லையே. கொஞ்ச நேரம் உன் தம்பிகிட்ட கொடு. மாத்தி மாத்திப் பிடிக்கலாம்."

"யாரும் தொடக் கூடாது."

"இனிமே தொட்டா என்னக்கா?" என்றான் எஃப்எம்.

"சங்கத்துக் கணக்குலதான் இல்லை. என் கணக்குல இருக்கு. பலகையைத் துடைச்சு விடு."

அவன் மண்டியிட்டுப் பலகையைத் துடைத்தான். அவள் காலையும் துடைத்துவிட்டு, முழங்காலில் துணியைக் கட்டினான். தலையில் தண்ணீர் ஊற்றினான். அவள் திரும்பக் காலை ஊன்றினாள்.

மூன்றாவது மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போய்விட்டன. ரீல் பிடியைச் சுற்ற உள்ளங்கையால் தள்ளினாள். தொடை நடுங்க ஆரம்பித்தபோது, இரும்புத் தூணில் பத்து நிமிஷம் முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்காமல் தொங்கும் பழக்கம் கைகொடுத்தது. எப்போது முடியும் என்று நினைக்கவில்லை. அடுத்த முழம், அதற்கடுத்த முழம். சுறாவின் ஓட்டம் குறுகியது. படகைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டது, பிறகு சின்ன வட்டம். கடைசியில் கருநீலத்துக்குள்ளே பழுப்பாக ஒன்று அசைந்தது. மேலே வர வர அதன் விலாவில் கறுப்புக் கோடுகள் தெரிந்தன.

"புலிச்சுறா!" என்று கத்தினான் எஃப்எம். கையுறையோடு குனிந்து, கம்பியை எட்டிப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, படகோடு சேர்த்து அணைத்தான்.

அளப்பதற்குப் படகின் பக்கவாட்டில் பன்னிரண்டு அடி வரைக்கும் கோடு போட்டிருந்தார்கள். அந்தப் பகுதியில் அதற்கு மேல் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. சுறாவின் மூக்கு முதல் கோட்டில் இருந்தது. கணவர் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பன்னிரண்டைத் தாண்டியும் நடந்தார். பிறகு டேப்பை எடுத்து மிச்சத்தை அளந்தார்.

"எவ்வளவு மாமா?"

"பதிமூணரை."

அவர் முகம் கோணியதைப் பார்த்து அவள்தான் முந்திக்கொண்டாள். "பார்த்தீங்களா? நான் அப்பவே சொல்லலைன்னா இப்ப சொல்லியிருக்க மாட்டேன்."

கணவர் படம் எடுத்தார். துடுப்பின் அடியில் எண் பட்டையைக் குத்தினார். நீண்ட கைப்பிடிக் கத்திரியால் முள்ளை வெட்டினார். எஃப்எம் கம்பியை விட்டதும் சுறா ஒரு கணம் படகோரம் அப்படியே மிதந்தது. பிறகு வாலை ஒரே ஒரு தடவை அசைத்து, கோடுகள் மங்க மங்க, இறங்கிப் போய்விட்டது. கணவர் வந்து கொக்கிகளைக் கழற்றும் வரைக்கும் அவள் அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துணியைத் தைத்து முடித்துத் திருப்பிப் பார்க்கும்போது தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற குரலில், "நல்லாத்தான் பிடிச்சிருக்கேன்" என்றாள்.

அவர்கள் கரைக்கு வந்தபோது சங்கத்துப் பலகையில் எல்லாம் எழுதியாகியிருந்தது. ஹோட்டல் நடத்துகிற ஒருவர் பதினோரு அடி பத்து அங்குலத்தோடு முதலாவது. பதினேழாம் நம்பருக்கு எதிரே ஒரு கோடு. படகிலிருந்து இறங்கும்போது அவள் கால் தள்ளாடியது; பக்கத்துப் படகுக்காரர்கள் இரண்டு பேர் கேட்காமலேயே கை கொடுத்தார்கள். எல்லோரும் ஒயர்லெஸ்ஸில் கேட்டிருந்தார்கள். ஹோட்டல்காரர் கோப்பையோடு வந்து சங்கடமாக நின்றார்.

"இதை நான் எப்படிம்மா வாங்கறது?"

"ஜெயிச்சது நீங்கதானே? நல்லா தூக்கிப் பிடிங்க, போட்டோ எடுக்கறாங்க பாருங்க."

போட்டியில் சேராவிட்டாலும் எண் குத்திய சுறா எல்லாவற்றையும் பதிய வேண்டும். அதற்குத் தனி மேஜை போட்டுக் கடல் ஆராய்ச்சி செய்கிற அம்மாள் ஒருவர் பெரிய பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். எண்ணைக் கேட்டார், எழுதினார். நீளத்தைக் கேட்டார், பேனா நின்றது. கணவர் நீட்டிய படத்தை வாங்கிப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று இன்னொரு தடவை பார்த்தார்.

"இந்தப் பதிவேட்டில இவ்வளவு நீளம் இதுவரைக்கும் ஏறினதில்லை," என்றார். உட்கார்ந்து, கடைசிக் கட்டத்துக்கு வந்து, படகோட்டியை நிமிர்ந்து பார்த்தார். "பிடிச்சது நீங்கதானே சார்?"

"நான் இல்லைங்க." அவர் ஒதுங்கி நின்று மனைவி பக்கம் கையைக் காட்டினார். "அவங்க."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வெளியாட்களிடம் அவளைப் பற்றிப் பேசும்போது 'அவ' என்பார், 'இவ' என்பார், பெரிய மனுஷர்கள் இருந்தால் 'வீட்ல' என்பார். அதில் குறை ஒன்றும் அவள் கண்டதில்லை. ஆனால் 'அவங்க' இன்றைக்குத்தான். சொன்னவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"யாரு மாமா அந்த 'அவங்க'?" என்று கேட்டான் எஃப்எம்.

"உன் அக்காதான்டா. வாயை மூடு."

அந்த அம்மாள் பேரைக் கேட்டு எழுதினார். எழுத்துக்கூட்டு சரியா என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தாள்.

மறுநாள் காலை அவளால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வாரப் போனவள் சீப்போடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் சீப்பை வாங்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"மூணு புரிதானே? கயிறு பின்னாதவனா நான்?"

"கயிறு மாதிரி இழுக்காதீங்க. அது தலை."

படகைக் கட்டலாம் போல இறுக்கமாக ஒரு பின்னல் போட்டார். அது கோணிக்கொண்டு ஒரு காதுக்குப் பின்னால் போய் நின்றது. கண்ணாடியில் பார்த்தாள். அவிழ்க்கவில்லை. அப்படியே பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். சந்து முனையில் டீக்கடைக்காரம்மா கிளாஸைக் கழுவுவதை நிறுத்தினாள்.

"என்ன இது, தலை எங்கேயோ போகுது?"

"எங்க வீட்டுக்காரர் பின்னிவிட்டார். எனக்குக் கை தூக்க முடியலை."

"ஐயோ, கைக்கு என்ன ஆச்சு?"

அதைக் கேட்கமாட்டார்களா என்றுதான் அவள் மெதுவாக நடந்து வந்திருந்தாள். பையைக் கீழே வைத்தாள். பெஞ்சில் வசதியாக உட்கார்ந்து, "ஒரு டீ போடுங்க, சொல்றேன்," என்றாள்.